வெயிலில் ஊதிய மழை விசில்

சபேசன் மோரை ஒரு மிடறு குடித்தார். டம்ளரை மேசையில் வைத்தார். சங்குமுனை என்ற ஊரின் குடிதண்ணீரைத் திங்கட்கிழமை நண்பகலோடு நிறுத்திவிடலாம் என்றார். அறையின் மின்விசிறியை அணைக்கச் சொல்கிற அதே குரல். எதிரே உட்கார்ந்திருந்த டெல்பினுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எப்படி நிறுத்துவீங்க சார்?"

"உங்க ரெமி ஆணை இருக்கே! அதை அனுப்பினாப் போதும்."

டெல்பின் மச்சாது, மெட்ராசில் சபேசன் நடத்தும் சூரியத் தகட்டுக் கம்பெனியில் கோடு போடுகிறவள். சிரிக்காதீர்கள், கோடு போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. சூரியத் தகட்டின் முகத்தில் மெல்லிய உலோகக் கோடுகள் ஓடுமல்லவா, வெயில் உண்டாக்கும் மின்சாரத்தை அவைதான் அள்ளிக்கொண்டு வருகின்றன. கோடு அகலமானால் அதன் நிழலே தகட்டை மறைத்துவிடும். ஒல்லியானால் மின்சாரம் நெரிசலில் சிக்கிச் சூடாகி வீணாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் பலபேர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, டெல்பின் கோட்டை அச்சடிப்பதையே விட்டாள். கண்ணாடியில் மயிரிழை போலக் காடிகள் கீறி, அவற்றில் திரவ உலோகத்தை ஓடவிட்டாள். காலை இளவெயிலில் கோடு மெலியும், உச்சிவெயிலில் தடிக்கும். கம்பெனி அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் நட்டது.

ரெமி என்பது அவளுடைய தம்பி ரெமிஜியுஸ். தீயணைப்புப் படையில் இருந்தான். பழைய அச்சுக்கோட்டுத் தகடுகள் இருந்த காலத்தில், பட்டப்பகலில் தீப்பிடித்த ஒரு கூரையில் ஏறியவன் தகட்டின் கம்பியில் கைபட்டுப் போய்ச் சேர்ந்தான். வெயில் இருக்கும்வரை சூரியத் தகட்டை அணைக்க முடியாது, அதுதான் சங்கடம். தம்பியை அடக்கம் செய்துவிட்டு வந்த அக்காக்காரி, தன் திரவக் கோட்டில் ஒரு வசதியைச் சேர்த்தாள். ஆணை ஒன்று அனுப்பினால் உலோகமெல்லாம் காடியை விட்டுத் தொட்டிக்குள் சுருங்கிக்கொள்ளும், தகடு வெறும் கண்ணாடியாகிவிடும். இனி எந்த வீட்டுப் பிள்ளையும் கூரையில் சாகக்கூடாது என்று அந்த ஆணைக்குத் தம்பி பெயரையே வைத்தாள்.

"அது தீப்பிடிச்சா அனுப்புறதுக்கு சார்."

"தீப்பிடிக்கலாம்னு சந்தேகம், அதனால அனுப்பினோம்னு சொல்லிட்டாப் போச்சு. உப்பளத்தை நம்ம புதுத் துறைமுகத்துக்குக் குடுக்க மாட்டேன்னு மொத்த ஊரும் ஒத்தக் கால்ல நிக்குது. கடல் தண்ணிய நல்ல தண்ணியா மாத்துற மெஷின் நம்ம தகட்டுலதான் ஓடுது. தொண்டை காஞ்சா தானா மூட்டையைக் கட்டிருவாங்க."

"என் தம்பி பேரைச் சொல்லி ஒரு ஊரோட கழுத்தை நெரிக்கப் போறீங்களா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க டெல்பின். ஆணைக்கு உங்க கைரேகை கிடைச்சா இன்னைக்கே முடிஞ்சிரும். இல்லைன்னா போர்டு கூடி, திங்கட்கிழமை மத்தியானம் என் ரேகையில போகும். வித்தியாசம் அவ்வளவுதான்."

"அப்ப திங்கட்கிழமை மத்தியானம் வரைக்கும் எனக்கு நேரமிருக்கு" என்று எழுந்தாள். சோதனைக்கூடத்துக்குப் போனாள், செம்புத்தூள் டப்பாக்களைப் பையில் அடுக்கினாள், அன்றைக்கே தெற்கே பஸ் ஏறிவிட்டாள். அவளுக்கு வைத்த மோர் மேசையிலேயே இருந்தது.

சங்குமுனை தூத்துக்குடிக்குத் தெற்கே, இரண்டு தெருக்களைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தோடு மல்லுக்கட்டும் ஊர். கிணறுகள் எல்லாம் உப்பாகி ஒரு தலைமுறை ஆயிற்று. உப்பளத்தின் மேற்கு ஓரம் வரிசை வரிசையாகத் தகடுகள், அவற்றின் தலைமாட்டில் நீர் சுத்திகரிக்கும் மெஷின் கொட்டகை. ஊர்த் தண்ணீர்ச் சங்கத்துக்குத் தலைவி தங்கபுஷ்பம். உப்பளத்தில் வாருபலகை இழுத்து இழுத்து உரமேறிய கை. டெல்பின் போய் இறங்கியபோது அந்தக் கையால் ஒரு தகட்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளோடு இன்னும் பத்துப் பெண்கள், ஆளுக்கொரு வாளி.

"கம்பெனிக்காரவளுக்கு இங்க என்ன சோலி?" என்றாள் தங்கபுஷ்பம், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"நானும் இந்தப் பக்கந்தான் எக்கா. திரேஸ்புரம். கம்பெனியில இருந்துதான் வாரேன், ஆனா கம்பெனி அனுப்பி வரல."

"நெய்யுந் தேனுமாப் பேசித்தான் போன வாட்டியும் ஒருத்தன் கையெழுத்துக் கேட்டான்."

டெல்பின் மழுப்பவில்லை. திங்கட்கிழமை நடக்கப்போவதை அப்படியே சொன்னாள். அந்த ஆணையை உண்டாக்கியவளே தான்தான் என்பதையும், அதற்குத் தம்பி பெயர் வந்த கதையையும் சொன்னாள். பெண்கள் வாளிகளைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். தங்கபுஷ்பம் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கம்பெனியைத் திட்டி முடித்தாள். அதில் பாதியை இங்கே எழுத முடியாது.

"சரி, அந்த ஆணையக் கேக்குறதுக்கு இந்தத் தகட்டுக்குக் காது எங்கன இருக்கு? அத அத்துப்போட்டா என்ன?"

"இந்தக் கோடுதான் எக்கா காது. ரேடியோவுக்குக் கம்பி நீட்டி வப்பாங்கல்லா, அது மாதிரி. அத வெட்டுனா கரண்டு போயிரும்."

"பெறகு என்னத்துக்கு வந்த?"

டெல்பின் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினாள். "இத அடைச்சிருக்கேன் பாருங்க. டாக்டர் வைக்கும்போது களி மாதிரிதான் இருந்துச்சு. சித்த நேரத்துல கல்லு. இந்தக் கோட்டுல ஓடுற உலோகமும் அப்படித்தான், செம்புத்தூளைக் கலந்தா இறுகிரும். இறுகுனதை எவன் ஆணை போட்டும் உள்ள இழுக்க முடியாது."

"அம்புட்டுத்தானா!"

"அம்புட்டு இல்ல." டெல்பினுக்கு அடுத்த வார்த்தை சிரமப்பட்டுத்தான் வந்தது. "இறுகிட்டா காலையில மெலியாது, மத்தியானம் தடிக்காது. ஆயுசுக்கும் ஒரே அகலம். வாற கரண்டுல எட்டுல ஒரு பங்கு போயிரும். அதோட, எங்கயாவது தீப்பிடிச்சா அணைக்கவும் முடியாது. என் தம்பிக்கு ஆனது இன்னொருத்தருக்கு ஆகலாம்."

தம்பியைக் காப்பாற்ற முடியாமல் போனதற்கு இந்த ஒரு பரிகாரம்தான் அவள் செய்திருந்தாள். அதைத் தன் கையாலேயே அழிக்கத்தான் பை தூக்கி வந்திருந்தாள்.

"ஏற்கெனவே தண்ணி பத்தல" என்றாள் ஒருத்தி. "கோடையில நாளுக்கு ரெண்டு குடந்தான். கேட்டா உப்புக்காத்து, தகட்டுல உப்புப் படியுது, கழுவுங்கங்கான். நாங்களும் காலையும் சாயந்தரமும் கழுவித்தான் பாக்கோம். இதுலயும் எட்டுல ஒண்ணு போனா?"

"ரெண்டு குடம் ஒண்ணேமுக்காலாப் போகும்" என்றாள் தங்கபுஷ்பம். "அந்த ஒண்ணேமுக்காலும் நம்ம குடம். நெனச்ச நேரம் புடுங்குற ரெண்டு குடத்த வச்சு என்ன பண்ண? என்ன சொல்லுதிய எல்லாரும்?"

ஊர் மாதா கோயில் முற்றத்தில் கூடியது. கத்தினார்கள், சண்டை போட்டார்கள், கடைசியில் தங்கபுஷ்பம் சொன்னதற்கே கை தூக்கினார்கள். டெல்பின் தன் கையையும் தூக்கினாள். அவளுக்கு அங்கே ஓட்டு இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை வேலை தொடங்கியது. ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் திரவ உலோகத்துக்குச் சின்னதாக ஒரு தொட்டி. அதில் செம்புத்தூளைக் கொட்டிக் கலக்கிவிட்டால், வெயில் ஏற ஏறத் தடிக்கும் கோடு அதையும் இழுத்துக்கொள்ளும். கோடைக்குத்தான் தண்ணீர் அதிகம் வேண்டும், ஆகவே உச்சிவெயிலுக்கு உரிய முழு அகலத்தில் இறுக வைப்பது என்று டெல்பின் முடிவு செய்திருந்தாள்.

பதினோரு மணி வெயிலில் குனிந்து பார்த்தவள் முகம் சுளித்தாள். கோடு காடியின் விளிம்புவரை வந்து நிறையவில்லை. இரு பக்கமும் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. சோதனைக்கூடத்தில் இந்த வெயிலுக்கு விளிம்பைத் தொட்டு நிற்கும். பம்பு பழசாகிவிட்டது போல என்று எண்ணிக்கொண்டு, தொட்டியின் திருகைக் கையாலேயே முறுக்கினாள். உலோகம் மெல்ல நகர்ந்து விளிம்பைத் தொட்டது. பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு வரிசை வரிசையாக முறுக்கிக்கொண்டே போனார்கள்.

கடைசி வரிசை முடிகிற நேரம் டெல்பினின் போன் அடித்தது. சபேசன்.

"அங்க என்ன பண்றீங்க டெல்பின்? சங்குமுனையில எல்லாக் கோடும் வரம்பு தாண்டிருச்சுன்னு இங்க அலாரம் அடிக்குது."

"எந்த வரம்பு சார்?"

"கதை பேசாதீங்க. நண்பகல் வரைக்கும் காத்திருக்கப் போறதில்லை. போர்டை இப்பவே கூட்டி அனுப்பச் சொல்றேன்."

போனைத் துண்டித்துவிட்டார். டெல்பின் வரிசைகளைத் திரும்பிப் பார்த்தாள். இறுகுவதற்கு இன்னும் அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் ஆணை வந்தால் பாதி இறுகிய உலோகம் தொட்டிக்குள் போய் உருண்டையாகிவிடும். பிறகு மின்சாரமும் இல்லை, தண்ணீரும் இல்லை, தகடுகளைப் பழைய இரும்புக்குக்கூடப் போட முடியாது. ஊரைக் காப்பாற்ற வந்தவளே ஊருக்குக் குழி வெட்டினாள் என்றாகிவிடும்.

"என்னட்டி, முகம் வெளுத்துப் போச்சு?" என்றாள் தங்கபுஷ்பம்.

"இப்பவே அனுப்புதானாம் எக்கா. காதக் கொஞ்ச நேரம் செவிடாக்கணும்." சொல்லும்போதே அவளுக்குப் பழைய சண்டை ஒன்று ஞாபகம் வந்தது. ஆணையைக் கேட்டு நடத்தும் மின்னணுச் சில்லுக்குத் தனி பேட்டரி வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். அதற்கு வேறு செலவா, தகட்டின் மின்சாரத்திலேயே ஓடட்டும் என்று கம்பெனி வெட்டிவிட்டது. "வெயில் படலன்னா சில்லு தூங்கிரும்! கோடு நின்ன இடத்துலயே நிக்கும். இத்தனை தகட்டையும் உடனே மூடணும் எக்கா, இப்பவே! எதை வச்சு மூட?"

தங்கபுஷ்பம் இடுப்பிலிருந்து ஒரு விசிலை எடுத்து ஊதினாள்.

அந்த விசிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்பளத்தில் மழை என்றால் சாவு. வாரிக் குவித்த உப்பு அம்பாரம் ஒரு தூறலில் கரைந்து ஓடிவிடும். அதனால் மேகம் கறுத்தால் மூன்று நீட்டு, ஒரு வெட்டு என்று விசில் ஊதுவார்கள். கேட்டால், சோற்றில் கை வைத்தவனும் எழுந்து தார்ப்பாயோடு ஓடி வரவேண்டும். வராத வீட்டோடு கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஏன், எதற்கு என்று கேட்கிற வழக்கமும் கிடையாது.

அன்றைக்கு வானத்தில் பஞ்சுத் துணுக்கு அளவுகூட மேகமில்லை. மண்டையைப் பிளக்கும் வெயில். ஆனாலும் மூன்று நீட்டும் ஒரு வெட்டும் கேட்டதுதான் தாமதம், சங்குமுனை எழுந்து ஓடி வந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள், அரைகுறையாகச் சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்தார்கள், பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நாலு பேருக்கு ஒரு தார்ப்பாய்.

"ஏ புஷ்பம், மழை எங்க?" என்று ஓடிக்கொண்டே கேட்டார் ஒருவர்.

"மெட்ராசுல இருந்து வருது! தகட்ட மூடுங்கய்யா!"

மூடினார்கள். காற்றுக்கு எந்தப் பக்கம் கல் வைக்க வேண்டும், எந்த முனையை முதலில் இழுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கண்முன்னால் வரிசைகள் ஒவ்வொன்றாக இருட்டுக்குள் போயின. மெஷின் கொட்டகையில் மோட்டார் முனகி நின்றது. அந்த ஊரில் பகலில் அந்தச் சத்தம் நிற்பது அபூர்வம். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆணை எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. கேட்கக் காது இல்லை, வந்து வந்து மோதிவிட்டுப் போயிருக்கும்.

காத்திருக்கும் நேரத்தில் டெல்பின் ஒரு தார்ப்பாயின் கீழே குனிந்து நுழைந்தாள். சோதிக்கும் கருவியின் இரண்டு முனைகளையும் தகட்டின் கம்பிகளில் வைத்தாள். பூஜ்யம். கருவியை இடுப்பில் செருகிவிட்டு, வெறும் கையால் கம்பியைப் பிடித்தாள். தம்பி பிடித்த அதே மாதிரிக் கம்பி. உச்சிவெயில், பட்டப்பகல், ஒன்றும் ஆகவில்லை. இத்தனை வருஷம் காடி, சில்லு, ஆணை, ரேகை என்று எதையெதையோ தேடினேனே, அன்றைக்கு அந்தக் கூரையில் இழுத்து மூட ஒரு தார்ப்பாய் இருந்திருந்தால் என் பிள்ளை இருந்திருப்பானே என்று நினைத்தவள், அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தங்கபுஷ்பம் வெளியே நின்று யாரையும் உள்ளே விடவில்லை.

வெளியே வந்ததும் டெல்பின் சொன்ன முதல் வார்த்தை, "இந்தத் தார்ப்பாயை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது எக்கா. வரிசைக்கு ஒண்ணு, தலைமாட்டுலயே சுருட்டிக் கட்டி வைக்கணும். தீன்னா உடனே இழுத்து மூடிரணும்."

"விசிலும் அதேதானா?"

"அதே விசில்தான்."

நிழலில் உலோகம் மெதுவாகத்தான் இறுகியது. வெயில் மேற்கே சாய்ந்த பிறகு, முதல் வரிசையில் ஊசி முனையால் கோட்டைக் கீறிப் பார்த்தாள். ஊசி வழுக்கியது. பல் அடைத்த கல்லேதான். "எடுங்க" என்றாள்.

தார்ப்பாய்கள் விலகின. சில்லுகள் விழித்தன, விழித்ததும் ஆணை வந்து சேர்ந்தது. தொட்டிகளில் பம்புகள் கிர்ர்ரென்று இழுத்துப் பார்த்தன. கோடுகள் அசையவில்லை. பம்புகள் ஒவ்வொன்றாகக் களைத்து ஓய்ந்தன. கொட்டகையில் மோட்டார் எழுந்தது. கூட்டம் போட்ட கூச்சலில் மாதா கோயில் புறாக்கள் பறந்தன.

தங்கபுஷ்பம் மட்டும் கத்தவில்லை. கொட்டகைக்குள் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, இங்க வா. இது கெட்டுப்போச்சா?"

முள் சிவப்புக் குறியைத் தாண்டி நின்றது.

"எட்டுல ஒண்ணு கொறையும்னு சொன்னியே. சித்திரை உச்சிவெயிலுக்கே இந்த முள்ளு சிவப்பத் தொட்டதில்ல. இப்ப வெயிலும் சாஞ்சு போச்சு."

டெல்பின் மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். தன் கருவியை வைத்து அளந்தாள். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. வெளியே ஓடிப்போய்த் தகட்டில் குனிந்தாள். விளிம்பிலிருந்து விளிம்புவரை நிறைந்த கோடு. காலையில் இரண்டு பக்கமும் சும்மா கிடந்த இடம் நினைவுக்கு வந்தது. வரம்பு தாண்டிருச்சு என்று சபேசன் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் எழுதிய வரம்பு காடியின் விளிம்புதான். அதற்கு உள்ளே இன்னொரு வரம்பு வைத்தவர்கள் யார்?

புரிந்துவிட்டது. பம்பு ஒன்றும் பழசாகவில்லை. முதல் நாளிலிருந்தே சங்குமுனையின் கோடுகளைத் தடிக்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஊரைக் கொஞ்சம் தாகத்திலேயே வைத்திருந்தால் சொன்ன பேச்சுக் கேட்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அந்த வேலியைக் கட்டியதற்கு அவளுக்கு மேடை போட்டுச் சால்வை வேறு போர்த்தினார்கள்!

சொல்ல வாய் கூசியது, ஆனாலும் சொன்னாள். ஒளிக்காமல் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அப்ப உப்புக்காத்து?" என்றாள் தங்கபுஷ்பம்.

"உப்புக்காத்து ஒண்ணும் பண்ணல எக்கா. வாரத்துக்கு ஒருக்கா துடைச்சாலே போதும்."

தங்கபுஷ்பம் கொட்டகை ஓரத்தில் வரிசையாக வைத்திருந்த வாளிகளைப் பார்த்தாள். சாயந்தரக் கழுவலுக்காகக் காலையிலேயே நிரப்பி வைத்த நல்ல தண்ணீர். "குடிக்கிற தண்ணியல்லா ஊத்துனோம்" என்றாள். "உப்புத் தண்ணி ஊத்துனா தகடு கெட்டுப் போகுமேன்னு, பிள்ளைக்குக் குடுக்காம இதுக்கு ஊத்துனோம். காலையும் சாயந்தரமும்."

பத்துப் பெண்களில் ஒருத்தி விசும்பினாள். மற்றவர்கள் கண்ணில் அழுகை இல்லை, அதைவிடப் பொல்லாத ஒன்று இருந்தது.

டெல்பினின் போன் அடிக்கத் தொடங்கியது. சபேசன். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

"என்னவாம்?" என்றாள் தங்கபுஷ்பம்.

"கேஸ் போடுவேன், கம்பெனி சொத்தை அழிச்சிட்டன்னு கத்துவாரு."

"இந்த மாதிரித் தகடு இன்னும் எத்தன ஊர்ல கெடக்கு?"

"எக்கச்சக்கம்."

"அவியளும் கழுவுதாவளோ?"

டெல்பின் பையைத் திறந்து பார்த்தாள். செம்புத்தூள் டப்பாக்கள் இரண்டு மிச்சமிருந்தன.

தங்கபுஷ்பம் ஒரு வாளியில் சொம்பை முக்கி எடுத்து அவளிடம் நீட்டினாள். "மொதல்ல இதக் குடி. பேசுதவன் காத்துக் கெடக்கட்டும்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. டெல்பின் சொம்பை இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் கடைசிவரை குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"சொல்லுங்க சபேசன்" என்றாள். சார் போடவில்லை. "அந்த உள் வரம்பை எந்தெந்த ஊர்ல வச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அங்கெல்லாம் போய்க் கோட்டை இறுக்கணும், வழியில அக்காவும் நானும் சாப்பிட எங்க எறங்கணும்னு பாக்கணும்."